பாதிக்குப் பாதி காற்று

சூப்பர் மார்க்கெற்றில் ஒரு பை
ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.
தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை.
பாதிக்குப் பாதி காற்று.
பண்ணைப் பாலத்தில் சும்மா வீசுகிற சாமானுக்கு
இந்த விலையா என்று
வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஜெலற்றின் வாங்கினேன்.

பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில்
மாட்டெலும்பு.
காலை எட்டிலிருந்து நாலு வரை
ஆஸ்பத்திரி எக்ஸ்றே அறையில்
எலும்பைப் படம் பிடிக்கிறவள் நான்.
மூச்சைப் பிடியுங்கோ, ஆடாதேங்கோ, சரி, விடுங்கோ.
அது தூளாகி, தண்ணீரில் ஊறி,
கண்ணாடிக் கஞ்சி போலக் கட்டிபட்டுக் கிடப்பதை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கொக்குவிலில் என் வாடகை அறைக்கு
ஒரேயொரு நிபந்தனை: சைவம்.
"முட்டையும் பாவிக்கிறேல்லை, தங்கச்சி" என்று
மதிவதனி முதல் நாளே சொன்னவ.
முட்டை இதில் இல்லை.
அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.

சீனியும் குளுக்கோஸும் கொதித்தன.
வெப்பமானி கிடையாது.
குளிர்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன்.
கரைந்தால் காணாது, கல்லானால் கெட்டது,
விரல் நுனியில் உருண்டு
அமத்தினால் அமரவேண்டும்.
அரியதரத்துக்குப் பார்க்கிற பதம்தான்,
கொஞ்சம் பிந்தி.

பாகு பட்டதும் ஜெலற்றின்
ஒரு கணம் தன் ஊரை மணத்தது.
வனிலா ஊற்றி வாயை மூடினேன்.
பீற்றரைப் போட்டு நாலு நிமிடம்,
மஞ்சள் கலங்கல் வெளுக்கத் தொடங்கின நேரம்
கரண்ட் போட்டுது.

ஒழுங்கை முழுக்க இருட்டு.
கிண்ணத்துக்குள் சூடு ஆறுகிறது.
அகப்பையால் அடித்தேன், பிறகு முள்ளுக்கரண்டி,
பிறகு கை விட்டது.
ரோர்ச்சோடு வந்து நின்றா மதிவதனி.
"என்ன சத்தம்?"
பதிலுக்குக் காத்திராமல் கிண்ணத்தை வாங்கி
இடுப்பில் இடுக்கி
அடித்தா பாருங்கோ ஒரு அடி.

மாறி மாறி அடித்தோம்.
அவ நூறு, நான் அறுபது.
மகன் கவினயன் ரோர்ச்சைப் பிடித்தான்,
வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.
"ஆடாதேங்கோ" என்றேன், வேலைக் குரலில்.
"மூச்சையும் பிடிக்கவோ?" என்றான்.
அடியில் கிடந்தது விளிம்புக்கு ஏறியது.
கரண்டியைத் தூக்கினால்
நாடா நாடாவாக விழுந்து
விழுந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து,
பிறகே தாழ்ந்தது.

மதிவதனியின் சுண்டுவிரல் அதில் தோய்ந்து
வாய்க்குப் போகிற வழியில்
"பொறுங்கோ அக்கா."

விரல் அந்தரத்தில் நின்றது.
சொன்னேன்.

ரோர்ச் வெளிச்சத்தில் விரலை
முன்னும் பின்னும் திருப்பினா,
படம் பார்க்கிற டொக்டர் மாதிரி.
ஏச்சு வருமென்று நின்றேன்.
மாதக் கடைசி, எங்கே அறை தேடுவது என்றும்.
"எலும்பு," என்றா, "இவ்வளவு வெள்ளையாவோ?"
குழாயடியில் விரலைக் கழுவினா.
கிண்ணம் கழுவ எனக்கு வேறு தும்பு தந்தா.

காலையில் வெட்டினேன்.
ஈரக்காற்றுக்கு ஒவ்வொரு துண்டும் வியர்த்தது.
சோளமாவிலும் ஐசிங் சீனியிலும் புரட்டப் புரட்ட
கத்தி ஒட்டியது, கை ஒட்டியது,
எடுத்த ரெலிஃபோனும் ஒட்டியது.
ஜன்னலுக்கு வெளியே மதிவதனி:
"பெடியனுக்கு ரெண்டு தா.
கேற்றுக்கு வெளியில நிண்டு திண்டால்
வீட்டுக்குள்ள வந்ததாகாது."
நாலு கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வர
கறுப்புக் கேற்றில் வெள்ளை மா.
கொழுக்கிக்குக் கீழே ஐந்து சின்ன விரல்கள்,
கவினயன்.
கொழுக்கிக்கு மேலே இன்னொரு கை,
வலது, வளர்ந்தவருடையது,
பெருவிரலில் அழுத்தம் அதிகம்.

படம் தெளிவு.
முறிவு ஒன்றும் இல்லை.

அவவின் மனிசன் ரியூசன் முடிந்து வருகிற நேரம்.
சைக்கிளை உள்ளே எடுத்துவிட்டு
சால்வை நுனியால்
பெரியதை மட்டும் துடைத்தேன்.