ரகரத்தின் வால்

பழைய பலகையில் ஊரணி என்றிருந்தது.
ஊராட்சிச் செயலர் உமையாள் நீட்டிய தாளில்
ஊருணி.
எழுத்துக்கு நாற்பது ரூபாய் என் கூலி.
எப்படி எண்ணினாலும் மூன்றெழுத்து.
வால் இழுப்பதற்கென்று
தனிக் காசு கேட்க முடியாது.

எது சரிங்க, என்றேன்
ஏணியின் நடுப்படியில் நின்று.
வண்டியை அணைக்காமலே சொன்னார்:
ஊர் உண்ணும் நீர், ஊருணி.
அந்தக் காலத்தில் தண்ணீரையும் உண்டார்கள்,
சோற்றைப் போல.
கண்மாய் வயலுக்கு,
தெப்பக்குளம் சாமிக்கு,
இது தொண்டைக்கு.
வால் போனால் பொருளும் போச்சு.
பள்ளத்தூர்ச் சாலையில் புழுதி அடங்கும்வரை
அவர் குரல் கேட்டது.

டீக்கடைச் சேவுகன் ஒப்பவில்லை.
ஊருக்கு அணி, ஊரணி.
செம்புறாங்கல் படியைப் பார்,
ஐப்பசி மழை கழிந்து வெயில் விழும்போது
ஊர் கழுத்தில் சங்கிலி கிடக்கிற மாதிரி இல்லை?
சர்க்கரை போடாத டீயை
என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மஞ்சள் பூசிக் காயவிட்டேன்.
அவர்கள் சண்டையெல்லாம்
சொல்லின் பின்பாதிக்கு.
என் தூரிகை முன்பாதியில் நின்றது.

ஊர்.

எங்கள் தெரு இங்கிருந்து முந்நூறு எட்டு.
அப்பா சோலையன் பையனாய் இருந்தபோது
குடத்தை மேல்படியில் வைத்துவிட்டுக்
கருவை நிழலுக்கு விலகி நிற்பாராம்,
யாராவது இறங்கி மொண்டு ஊற்றும்வரை.
சில நாள் உச்சி சாயும்.
சில நாள் குடம்
போன மாதிரியே திரும்பும்.
எந்த ஊர் உண்ணும் என்று
உண்ணுவதற்கு முன்பே
அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது யாரும் உண்பதில்லை.
காரைக்குடியிலிருந்து கேன் வருகிறது,
முப்பத்தைந்து ரூபாய்.
எல்லாத் தெருவுக்கும் ஒரே விலை.

ஊ எழுதினேன்.
ர எழுதி, மூச்சை அடக்கி,
வாலைச் சுழித்தேன்.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீண்டுவிட்டது.
கறுப்பு ஒரு சொட்டு வழிந்து
கீழே எழுத வேண்டிய
"குளிக்காதீர்" வரியின் இடத்தில் உட்கார்ந்தது.
துடைக்கவில்லை. அதன்மேலேயே எழுதினேன்.
குளிக்காதீர். துவைக்காதீர். ஆடுமாடு இறக்காதீர்.
இறங்காதீர் என்று தாளில் இல்லை.
இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

பதினோரு படி.
கடைசிப் படி பாசியில் வழுக்கியது,
உட்கார்ந்துதான் இறங்கினேன்.
ஒரு கை அள்ளியதில்
மண் வாசம், பாசி வாசம்,
என் விரலின் டர்பன்டைன் வாசம்.
தொண்டையில் கொஞ்சம் எரிந்தது.

குடித்தேன் என்று சொல்லியிருப்பேன்.
காலையில்தான் வேறு சொல் கிடைத்தது.
உண்டேன்.

பில்லில்
பெயருக்கு மூன்றெழுத்து
என்றே போட்டேன்.