ஐம்பது வரை

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி
அவுஸ்ட்ராவின் இடது இமைமேல் வைத்தேன்.
இரண்டு நிமிடம்.
வெளியே தௌகவா ஆறு உறைந்து கிடந்தது.
எடுத்தபோது இமை ஏறியிருந்தது,
அடைத்த கடையின் கதவைப் பாதி தூக்கிவிட்டதுபோல.
"ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கிறதே,
இதற்கா பேருந்து பிடித்து வந்தேன்?"

எண்பத்து மூன்று வயது.
ரீகா துறைமுகத்தில்
கப்பலேறும் மரக்கட்டைகளை நாற்பதாண்டு எண்ணியவள்.
சத்தமாக ஐம்பதுவரை எண்ணச் சொன்னேன்.
பத்தொன்பதில் குரல் மூக்கேறியது.
இருபத்தேழில் கரைந்தது.
மாலையில் ரொட்டி மெல்ல
தாடையைக் கையால் தாங்குவதைச்
சிரித்தபடி சொன்னவள்
இந்த இருபத்தேழுக்கு முகம் சிவந்தாள்.

படத்தில் தெரிந்தது:
மார்பெலும்பின் பின்னால்,
இதயத்தின் தோளில் சாய்ந்து,
கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி.
தைமஸ்.
நம்மவர் யார், அயலார் யார் என்று
பிள்ளைப் பருவத்தில் அணுக்களுக்குச் சொல்லிவிட்டு
கொழுப்பாய்க் கரைந்துவிடவேண்டிய சுரப்பி.
எழுபதாண்டு கழித்து மறுபடி வாய் திறந்து
தப்பும் தவறுமாய் உளறுகிறது.
சொந்தத் தசையை அயலாள் என்கின்றன அணுக்கள்.

கூட்டத்தில் இல்மார்ஸ் கேட்டார்:
"இந்த வயதில் எதற்கு?
மெதுவாக வளர்வது. அவளை முந்தாது."
யாரும் பதில் சொல்லவில்லை.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது.
அவளிடமே கேட்டோம்.
"எண்ணி முடிக்காமல்
ஒரு கப்பலையும் நான் அனுப்பியதில்லை."

மயக்கம் கொடுப்பவள் நான்.
தசை தளர்த்தும் மருந்தை அன்று தொடவில்லை,
அவளுக்கு ஒரு சொட்டும் வெள்ளம்.
வலது நுரையீரலை அடக்கி வைத்தேன்.
விலாவிடையில் மூன்று துளை.
திரையில், உதரவிதானத்துக்கு இறங்கும் நரம்பு,
வெள்ளைத் தையல்நூல்.
கட்டி அதன்மேல் கன்னம் வைத்திருந்தது.
ஸிக்னே ஒன்றரை மணி நேரம் பிரித்தாள்.
நடுவில் ஒருமுறை அவளுக்கு மூக்கு அரித்தது,
செவிலி சொறிந்துவிட்டாள்.
உறை கிழியாமல் பைக்குள் வந்தது.

குழாயை எடுக்கும் நேரம்தான் என் நேரம்.
மூச்சு வந்தது.
தயங்கியது.
வந்தது.

மூன்றாம் நாள் இருபத்து நான்கு.
"குறைந்திருக்கிறது" என்றாள் கணக்கு தெரிந்தவள்.
மாதங்கள் ஆகும் என்றேன்.
சிலருக்கு ஆகாமலும் போகும் என்றேன்,
பொய் வாயில் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு தொலைபேசி.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
"ஒன்று, இரண்டு, மூன்று..."
நாற்பத்தொன்றில் நின்றது.
கெட்டிலின் சீழ்க்கை கேட்டது.
"இருங்கள்,
அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்."