சில்லறைக்கு இல்லை

மல்லாவிச் சந்தியிலை இருந்து துணுக்காய் போற ரோட்டிலை
மூண்டாவது கடை என்ரை.
பின்தட்டிலை, பால்மாப் பெட்டிக்குப் பின்னாலை,
பக்கற்றின்ரை எண்பது வீதத்திலை
ஒரு சுவாசப்பை அழுகிக்கொண்டு கிடக்குது.
மிச்சம் இருபதிலை
கொம்பனியின்ரை பேர், பொன்னெழுத்திலை.

விக்கிறன்.
பதினொரு நாளா இழுக்கிறேல்லை.

நேர்த்திக்கு விடேல்லை. நெஞ்சு நோவுக்கும் இல்லை.
பட்ஜெட் வாசிச்ச இரவு
ரேடியோவிலை விலை கூட்டினவை,
அடுத்த வசனத்திலேயே
அதாலை வரப்போற வருமானத்தையும் சொல்லிச்சினம்.
அப்ப, நான் விடமாட்டனெண்டு
கணக்கிலை எழுதியே வைச்சிட்டினம்.

கல்குலேற்றரைத் தட்டிப் பாத்தன்.
பதினைஞ்சு வருசம், நாளுக்கு ஏழு.
ஒரு லாண்ட்மாஸ்ரரும் பெட்டியும் வந்துது.
அதிலை முக்காவாசி வரி.
இந்த ரோட்டிலை ஒரு துண்டு நான் போட்டது,
குழியோடை சேத்து.

அப்பாவின்ரை பழைய கொப்பிக்குள்ளை
இன்னொரு ரசீது இருக்கு. வேறை முத்திரை.
பொருள்: சுருட்டு, ரெண்டு கட்டு.
அந்த முத்திரை போட்ட ஆக்களும் இல்லை,
சுருட்டுப் பத்தின ஆளும் இல்லை.
ரசீது மட்டும் கறையான் படாமல் கிடக்கு.

என்ரை முதல் சிகரெட்டுக்கு நான் காசு குடுக்கேல்லை.
முகாமிலை, தண்ணிப் பவுசருக்கு நிண்ட வரிசை.
முள்ளுக்கம்பிக்கு அங்காலை இருந்து
ஒரு சீருடைக் கை நீண்டுது.
ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சொல்லும் இல்லை.
நெருப்பும் அவன்தான் வைச்சவன்.
அண்டைக்கு எனக்கு இருபது வயசு.
இருபத்தொண்டுக்குக் குறைஞ்ச ஆளுக்குக் குடுக்கக்கூடாதெண்டு
சட்டம் அப்பவும் இருந்ததாம்.

சந்தியிலை புது பார் திறந்திருக்கு.
லைசென்சைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளை போட்டு
சாமிப்படத்துக்குப் பக்கத்திலை கொழுவியிருக்கு.
ஆசுப்பத்திரியிலை, விட நினைக்கிறவைக்கு ஆலோசனை,
செவ்வாய் காலமை மட்டும்.
செவ்வாய் நான் சாமான் எடுக்கக் கிளிநொச்சிக்குப் போற நாள்.

அதாலை எனக்குப் புழுக்கொடியல்தான் டொக்டர்.
அதே நீட்டு, அதே பிடி.
மூண்டாம் நாள் ஒரு கடைவாய்ப்பல்லு போச்சு.
அஞ்சாம் நாள், கொப்பி உறை கேட்டதுக்கு
மகள் அபிசாவிலை பாய்ஞ்சன்.
அவள் அதுக்குப் பிறகு என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை.
அது இன்னும் தீரேல்லை.

இண்டைக்குப் பின்னேரம் ஒரு பொடியன்.
புது மீசை, மடிப்புக் குலையாத சேட்டு.
"அண்ணை, ஒண்டு."
பக்கற்றைத் திறந்தால் அந்த மணம் வரும்.
மணம் வந்தால் நான் முடிஞ்சன்.
"சில்லறைக்கு இல்லை."
"கூடத் தாறன் அண்ணை."
"இல்லையெண்டால் இல்லையடா!"
என்ரை சத்தத்திலை
வாசல்லை நிண்ட ஆடு விலகிப் போச்சு.

புளிக்குக் கீழை நிண்ட மோட்டச்சைக்கிளாலை
சுகாதாரப் பரிசோதகர் தவநேசன் இறங்கி வந்தார்.
கையிலை நிரப்பாத வழக்குப் படிவம்.
"சட்டத்தை மதிக்கிற கடை, சிவரூபன்" எண்டு
கை குலுக்கினார்.
சட்டமோ!
ரெண்டு கையிலை ஒண்டு நடுங்கிச்சுது.
எதெண்டு தெரியேல்லை.

பொடியனைத் தேத்தண்ணிக்கு அனுப்பிப்போட்டு
குரலை இறக்கினார்.
"எத்தினை நாள்?"
"பதினொண்டு."
"நான் நாலுதரம் விட்டனான்."
கண் பால்மாப் பெட்டிக்குப் பின்னாலை போச்சுது.
வயசு ஐம்பது இருக்கும்.
அவருக்கு விக்கக்கூடாதெண்டு ஒரு சட்டமும் இல்லை.

ஒடியல் பையை நீட்டினன்.
ஒண்டை எடுத்து
ரெண்டு விரலுக்கு நடுவிலை, பழகின இடத்திலை வைச்சு,
கடிக்காமல் கனநேரம் நிண்டார்.

"பல்லுப் பத்திரம்" எண்டன்.