இருபத்திரண்டு நிமிடம்

தார்த்துவில், கடைசி நிறுத்தத்தில் எனக்கு
இருபத்திரண்டு நிமிடம் ஓய்வு.
மற்ற ஓட்டுநர்கள் புகைக்கிறார்கள்.
நான் ஆற்றோரமாய் நடந்து
பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குள் போகிறேன்.
போக நான்கு, வர நான்கு.
மீதிப் பதினாலுதான் என் தோட்டம்.

நவம்பரில் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள்.
உண்டு: பெயர்ப்பலகைகள்.
செடி மண்ணுக்குள் போய்விட்ட பிறகும்
லத்தீன் பெயர் ஈரத்தில் நிற்கிறது,
ஆள் இறங்கிப்போன இருக்கையில்
மறந்துவிட்ட குடை மாதிரி.

ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
பனைகள் குடியிருக்கும் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும்
என் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது.
துடைப்பதில்லை.
முதல் இரண்டு நிமிடம் மூக்குக்குத்தான்:
ஊறிய மண், அழுகும் பழம்,
வெந்நீர்க் குழாயின் இரும்பு.
பார்வை திரும்பியபோது
வாழையடியில் ஒரு பேராசிரியை, காலணியைக் கழற்றிவிட்டு,
விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
எங்கள் ஊரில் அதுவும் ஒரு வணக்கம்.

குளத்தருகே ஒரு தோமிங்கஸ்,
வெள்ளையாய்ப் பூத்துக் கசப்பாய்க் காய்க்கிற மரம்.
அதன் மூன்று கிளைகளில் சிவப்பு ரிப்பன் கட்டி
செவ்வாய்தோறும் லென்ஸ் வைத்துப் பார்ப்பான் தானெல்.
ஒரு வருடத்தில் என்னிடம் மூன்றே வாக்கியம் சொன்னான்.
மொட்டு மூடியிருந்தால் பூஜ்யம்.
வீங்கினால் ஒன்று.
செதில் விலகிப் பச்சை எட்டிப்பார்த்தால் இரண்டு.
மூன்றுக்குப் போகுமுன் என் நேரம் முடிந்தது.

அடுத்த மார்ச்சில் ரிப்பன் இருந்தது,
அவன் இல்லை.
படிப்பு முடிந்திருக்கலாம். வேறு ஊர், வேறு மரம்.
நான் விசாரிக்கவில்லை.
கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்:
ஏப்ரல் 9. ஒன்று.
ஏப்ரல் 21, காலை 11.42. இரண்டு.
ஏப்ரல் 23. பனி. இரண்டு இரண்டாகவே நின்றது.
ஏப்ரல் 30. எண் தெரியாது. இலை,
என் பேத்தியின் காதுமடல் அளவு.

ஜூன் எனக்கு ஆகாது.
இருட்டு வர மறந்துவிடுகிற மாதம்.
பேருந்து முழுக்கத் தோட்டத்துக்கே இறங்குகிறது.
பியோனிகளின் முன் மணமக்கள் வரிசையில் நிற்கிறார்கள்,
ஒரு புகைப்படக்காரர் தன் சட்டையால்
இதழில் இருந்த எறும்பைத் தட்டிவிடுகிறார்.
நான் பேருந்திலேயே சாண்ட்விச் தின்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் விதை அறையின் ஜன்னல் திறந்திருந்தது.
உள்ளே இரண்டு பெண்கள்
சல்லடையில் சலித்து, ஊதி, உமி நீக்கி
காகித உறைகளில் இட்டுக்கொண்டிருந்தார்கள்.
மேசையில் தபால்தலைத் தாள்கள்.
எங்கோ தொலைவில் ஒரு தோட்டம் கேட்டிருக்கிறது, கொடுக்கிறார்கள்.
இதற்கு விலை எவ்வளவு என்று கேட்டேன்.
திரும்பிப் பார்த்தார்கள்,
பேருந்தில் ஏறி மீன் கேட்டவனைப் பார்ப்பதுபோல்.

அக்டோபரில் மரத்தடியில் மிர்டெல் நின்றாள்.
நரைத்துப்போன சிவப்பை அவிழ்த்து நீலம் கட்டினாள்.
"இந்த வசந்தத்துக்குப் பதிவே இல்லை,"
என்று மரத்திடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

பேருந்துக்கு ஓடிப்போய் அட்டவணையோடு ஓடிவந்தேன்.
படித்தாள்.
"கருவி?"
"கண்."
"பயிற்சி?"
"இருபத்தாறு வருடம். முன்கண்ணாடி வழியாக."
சிரிக்கவில்லை.
தன் நோட்டில் ஒவ்வொரு தேதியையும்
பென்சிலில் எழுதினாள்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
காதுமடலிடம் சற்றுத் தயங்கி,
அதையும் எழுதினாள்.
பார்த்தவர் என்ற இடத்தில்: ஏழாம் எண் பேருந்து.

அன்று மூன்று நிமிடம் பிந்திப் புறப்பட்டேன்.
நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
கடைசியாய் ஏறியவர் மட்டும்
என் தொப்பியில் ஒட்டியிருந்த இலையை எடுத்து
இருபக்கமும் பார்த்துவிட்டு
தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.