பழைய நம்பருக்கு ஓடிபி வரும்

புது சிம் வாங்கினேன். ஏன் என்று
இந்தக் கவிதையிலும் சொல்வதாக இல்லை.

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
நாளைக்கு முந்நூறு ஆதார் பார்க்கிறேன்.
கோணலாக விழுந்த நகல்களை
எடைக்குப் போடுவார் முதலாளி.
நாலு மணி வடை
சில நாள் அதிலேயே மடிந்து வரும்.
எண்ணெய் ஊற ஊற
யாரோ ஒருவரின் பிறந்த தேதி
பளிச்சென்று தெரியும்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் இருந்தேன்.

சிம் போட்ட இரண்டாம் நாள்
'அன்புள்ள தேசிங்கு' என்று கூப்பிட்டது வங்கி.
மூன்றாம் நாள் கண் ஆஸ்பத்திரி:
இடது கண், புதன், காலை ஒன்பது,
துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.
பிறகு தடைக்கால நிவாரணம் வரவு.
பிறகு கரண்ட் பில்.
பிறகு ஒரு கடன் செயலி.
அது 'அன்புள்ள' என்று தொடங்கவில்லை.
அந்தச் சொற்களை
நான் துறைமுகத்தில்கூடக் கேட்டதில்லை.

தொண்ணூறு நாள் ரீசார்ஜ் போடாவிட்டால்
எண் செத்ததாகக் கணக்காம்.
கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார்களாம்.
எங்கே கழுவினார்கள்?
பையில் சில்லறையும் மாத்திரைச் சீட்டும் கிடக்க
அடுத்தவர் சட்டையை அப்படியே
என் தோளில் மாட்டிவிட்டார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
ஒன்றை அழுத்தி, நாலை அழுத்தி, பாட்டுக் கேட்டு,
கடைசியில் ஒரு பெண்:
'முந்தைய வாடிக்கையாளர் விவரம் தர இயலாது மேடம்,
தனியுரிமை.'
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்திருப்பாள்,
அழைப்பு பதிவாகாமல் இருந்திருந்தால்.

எதிர்வரிசையில் போய்க் கேட்டேன்.
'நம்பரை மாத்தணுமா? சுலபம்.
பழைய நம்பருக்கு ஓடிபி வரும்,
அதைச் சொன்னாப் போதும்.'
பழைய நம்பர் இதோ. தேசிங்கு எங்கே?

சட்டம் வந்திருக்கிறதாம்,
இனி ஒப்புதல் கேட்டுத்தான் எடுப்பார்களாம்.
ஒப்புதலுக்கு என்ன பஞ்சம்?
பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்தேன், டார்ச் லைட்டுக்குக் கொடுத்தேன்,
ராகு காலம் பார்க்கக் கொடுத்தேன்.
ராகு காலம் சொல்ல
என் சிநேகிதிகளின் எண் எதற்கு என்று
ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மடியில் கனமில்லாதவனுக்கு
வழியில் என்ன பயம் என்பார் முதலாளி.
கல்லாவைத் திறக்கும்போது மட்டும்
முதுகைக் காட்டி நிற்பார்.

ஒரு ஞாயிறு, கேஸ்காரத் தம்பி.
'தேசிங்கு வீடா? சோனாங்குப்பம் வாசல்ல நிக்கிறேன்,
நாலு நம்பர் சொல்லுங்க.'
சொன்னேன்.
உருளை இறங்கும் சத்தம் கேட்டது.
நான் சொன்ன நாலு எண்ணில்
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
உலை கொதித்திருக்கும்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்,
தன் எண்ணுக்குத் தானே.
தம்பிதான் சொல்லியிருக்கிறான், யாரோ பொம்பள எடுக்குறாங்க என்று.
'போன் கடல்ல போயிடுச்சும்மா.
கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தேன்,
திரும்பி வர்றதுக்குள்ள…
வேற ஏதாச்சும் வந்துச்சா?'

வாசித்தேன். நிவாரணம். கரண்ட்.
தாண்டிப்போன புதன்கிழமை.
ம், ம் என்று கேட்டுக்கொண்டார்,
வேறு யாருக்கோ வந்த கடிதம்போல.
பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

'லோன்காரன் அனுப்பியிருப்பான்.
அதை மட்டும் படிக்காதீங்க.'

படிக்கலைங்க, என்றேன்.
வந்ததும் அழிச்சிட்டேன்.

அவர் மகள் படத்தை என்ன செய்வேன் என்று
அவன் எழுதியிருந்தது வரை
எனக்கு மனப்பாடம்.

என் பழைய எண் இந்நேரம்
பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ
யார் தலைமாட்டிலோ ஒளிர்ந்துகொண்டிருக்கும்.
பதினோரு மணிக்கு மேல் வரும் அந்தச் செய்திகளுக்கு
அவர் பதில் போடாமல் இருக்கட்டும்.
என்றாவது நான் கூப்பிட்டுக் கேட்டால்
படிக்கலை என்று சொல்லட்டும்.

வியாழக்கிழமை தேசிங்கு வருகிறார், எண் மாற்ற.
ஓடிபி நான் சொல்ல வேண்டும்.
ஆதார் நகல் ஒன்று கேட்பார்கள்,
எங்கள் கடையில்தான் எடுப்பார்.
கோணலாக விழுந்தால்
அதை என் பையில் போட்டுக்கொள்வேன்.