பூட்டுக் கோப்பு

ஜூனில் பழம் காத்திருக்காது,
அதனால் யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
இடி இறங்கி எடைமேடைக் கணினி கருகியது.
திம்மராயன் இரவோடு இரவாக வேறொன்றை வைத்து
மென்பொருளை நிறுவிவிட்டு
விடிகாலையில் போன் செய்தான்:
"ஓடுது."

ஓடத்தான் செய்தது.
கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை ரோட்டு மாடி அறையில்
என் திரையிலும் எழுநூற்றுப் பதினாறு சோதனைகள்
ஒன்று விடாமல் பச்சை.

நான்காம் நாள் நாகவேணி வந்தாள்.
பெங்களூரா ஏற்றிய வண்டி கீழே நிற்க
கையில் இரண்டு ரசீது.
"முந்தாநாள் நாலாயிரத்து முந்நூத்தி அம்பது கிலோ.
நூத்துக்கு மூணு கழிவு போக
அரைக் கிலோ என் பக்கம் சேர்ந்துச்சு.
நேத்து நாலாயிரத்து இருநூத்தி அம்பது.
அதே கழிவு. அரை உங்க பக்கம் போயிருச்சு.
அரைக் கிலோ பெரிசில்லை.
அது எந்தப் பக்கம் போகணும்னு
யாரு முடிவு பண்றது?"

ஆலைக்காரர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேடினேன். முழு எண்ணாக்கும் ஒரு சின்னப் பொதி,
எங்கோ யாரோ எழுதியது, இலவசம்.
இரண்டு புள்ளி மூன்றில்
அரை எப்போதும் மேலே ஏறும்.
இரண்டு புள்ளி நான்கில்
பக்கத்திலிருக்கும் இரட்டை எண்ணில் போய் உட்காரும்.
கணிதத்தில் அதுதான் நியாயமாம்.
வெளியீட்டுக் குறிப்பில் ஒரே ஒரு வரி,
பதினோராவது.

திம்மராயனின் பட்டியலில்
"இரண்டு புள்ளி மூன்று, அல்லது அதற்கு மேல்."
அல்லது அதற்கு மேல்!
கதவைத் திறந்து வைத்துவிட்டு
யார் வந்தாலும் சொந்தக்காரர் என்பது மாதிரி.
என்னுடையதில் பூட்டு,
ஒவ்வொரு பொதிக்கும் எண்ணும் கைரேகையும்.
"பூட்டியிருந்தா இது நடக்குமா?" என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை.
"ரெண்டு வருஷமா பூட்டி வச்சிருக்கே.
அதுல மூணு பொதியில ஓட்டைன்னு
எச்சரிக்கை வந்து எட்டு மாசமாச்சு.
உன் பச்சை அன்னிக்குப் பச்சை.
நீ சோதிக்கிறது
உன் மெஷின்ல நின்னுபோன ஒரு செவ்வாய்க்கிழமையை."

செவ்வாய்க்கிழமை என்று எப்படிச் சரியாகச் சொன்னான்?
பார்த்தேன். செவ்வாய்தான்.

மழை பிடித்துக்கொண்டது.
அணையில் மதகு திறப்பதாக
ஒலிபெருக்கி ஆட்டோ ஒன்று
கீழே கத்திக்கொண்டே போனது.
மதகைப் பற்றி ஒரு உவமை வந்தது,
எழுதாமல் விட்டேன்.

இப்போது ஆலைக்குப் போவது பூட்டிய பட்டியல்தான்.
திம்மராயனும் அதைத் தொடுவதில்லை.
ஆனால் தினமும் இரவு இரண்டு மணிக்கு
எல்லாப் பூட்டையும் கழற்றிவிட்டு
உலகத்தில் அன்று புதிதாய் வந்ததையெல்லாம்
இழுத்துப் போட்டு ஓடுகிறது இன்னொரு சோதனை,
யாருடைய பழமும் இல்லாத ஒரு மெஷினில்.
உடையட்டும்.
அங்கே உடைந்தால் எனக்குத்தான் தெரியும்,
நாகவேணிக்குத் தெரிய வேண்டியதில்லை.

சோதனைகள் எழுநூற்றுப் பதினேழாகின.
கடைசி ஒன்றின் பெயர் நாகவேணி.
நாலாயிரத்து நூற்றிருபத்திரண்டரையைக் கொடுத்தால்
இருபத்திமூன்று வர வேண்டும்.
அவளிடம் சொல்லவில்லை.
மீதிப் பணமாக நாலரை ரூபாய் வாங்கிக்கொண்டு
எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நேற்றிரவு சிவப்பு, இரண்டு இடத்தில்.
நாகவேணி பச்சை.
தேதியில் ஏதோ.
இன்னும் பார்க்கவில்லை,
பல் விளக்கிவிட்டு வருகிறேன்.