போச்சு

ராத்திரி ரெண்டே கால்.
நாலாம் நம்பர் மிஷினின் சின்னத் தொட்டியில்
மூட்டையைச் சரிக்கிறான் நாச்சிமுத்து.
தூத்துக்குடி உப்பு, ஐம்பது கிலோ.
வெள்ளை ஒரு கணம் குவிந்து நிற்கிறது,
பிறகு வெறும் தண்ணீர்.
"கரைஞ்சு போச்சுங்க்கா, எழுதிக்கங்க."
கரைந்தது என்று எழுதினேன்.
போச்சு என்பதை எழுதவில்லை.

எங்கே போகும்?

கட்டம் போட்ட லுங்கி மாதிரி
ஒரு சோடியம், ஒரு குளோரின், மறுபடி சோடியம்,
மேலும் கீழும் அப்படியே.
தண்ணீரோ கோணல் பிறவி.
ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்,
ரெண்டு ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்.
வளையாமல் பிறந்திருந்தால்
உப்பு அதை ஏறெடுத்தும் பார்த்திருக்காது.

மூலையில் நிற்பதுதான் முதலில் கிளம்பும்,
பிடித்துவைக்க ஆள் குறைவு அதற்கு.
சோடியத்துக்கு ஆக்சிஜன் முகம் காட்டி
ஐந்தாறு பேர் சூழ்ந்துகொள்வார்கள்.
குளோரைடு வந்தால் அதே ஆட்கள்
திரும்பி நின்று ஹைட்ரஜனை நீட்டுவார்கள்.
நொடிக்குள் கோடி முறை ஆள் மாறும்,
கூட்டம் மட்டும் கலையாது.

நீலச் சாயத்துக்கும் பருத்திக்கும் ஒரே குறி,
ஒன்றையொன்று தள்ளும்.
உப்பு நடுவில் புகுந்து அந்தப் பகையை மறைக்கும்.
சாயம் நூலோடு பிரியாமல் ஒட்டியதும்
காப்பி குடித்த கல்யாணத் தரகர் போல
வந்த வழியே கிளம்பும்,
ஒரு கிராம் குறையாமல்.

இத்தனைக்கும் சேர்வதற்கு
யாரும் அடுப்பு மூட்டவில்லை.
தண்ணீர் லேசாகக் குளிர்ந்ததோடு சரி.
பிரிக்கத்தான்
பின்பக்கம் பாய்லர் விடிய விடிய உறுமுகிறது,
லாரி லாரியாக விறகு.
முந்தி அதுவும் கிடையாது,
நொய்யல்தான்.

ஆற்றோரம் எங்கள் வீடு.
போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
போன வாரம் லேப் மீட்டரை எடுத்துப்போய்
சொம்பில் நனைத்துப் பார்த்தேன்: இரண்டாயிரத்து நூறு.
மீட்டருக்கு உப்பும் தெரியாது, ஊரும் தெரியாது,
எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்பதே அதன் கணக்கு.
மாமியார் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதே, கண்ணு."

ஆமாம், கண்ணாடியாட்டம்தான் இருந்தது.

நாச்சிமுத்து ஃபேனடியில் உட்கார்ந்திருக்கிறான்.
முதுகில் வேர்வை காய்ந்து
சட்டை நெடுக ஒரு வெள்ளைக் கோடு.
பாட்டிலை அண்ணாந்து ஊற்றுகிறான்.
"அடுத்த மூட்டை எத்தனை மணிக்குங்க்கா?"

நோட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
யாரும் நிரப்புவதில்லை.
மூணே கால் என்றேன்.